மிச்சம் வந்த வயர்

சாலைக் கடைத்தெருவில் ரேடியோ ரிப்பேர் பார்க்கும் சுவாமிதாஸுக்கு ஒரு கெட்ட பெயர் உண்டு. எதைப் பிரித்து மாட்டினாலும் கடைசியில் ஒரு ஸ்குரூவோ ஸ்பிரிங்கோ கையில் மிச்சம் வந்துவிடும். செட் என்னவோ நன்றாகத்தான் பாடும். ஆனால் ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

இந்தப் பெயரோடுதான் தேங்காய் மண்டி தாசையனிடம் பெண் கேட்டுப் போனான். தாசையனுக்கு இரண்டு கவலைகள். ஒன்று, மகள் எலிசாளின் கல்யாணம். மற்றது, பாறசாலைத் தோப்பில் தென்னங்குருத்தைத் துளைக்கும் வண்டு. சினிமாப் பாட்டு வரும் என்று வீட்டுக்குள் ரேடியோவையே விடாத மனிதர், ரேடியோக்காரனை விடுவாரா?

பரணிலிருந்து ஒரு எலெக்ட்ரிக் கிட்டாரை இறக்கினார். செத்துப்போன தம்பி ஐம்பத்தெட்டில் கொழும்பிலிருந்து கொண்டுவந்தது. பதினைந்து வருஷமாக ஊமை.

"இத சரியாக்கிக் கொண்டா. புதன்கிழமை நம்ம வீட்டு ஜெபக்கூட்டத்துல எலிசாள் இதுல கீர்த்தனை வாசிக்கணும். உனக்க கையில ஒரு ஆணிகூட மிச்சம் வரப்பிடாது, கேட்டியா. பின்ன கல்யாணம் பேசுவோம்."

உள்ளே கரப்பான் தின்றது போக மீதி வயர் கிடந்தது. சுவாமிதாஸ் காயிலைப் புதிதாகச் சுற்றினான், பச்சை பிடித்த சுவிட்சைத் தேய்த்தான், பழைய வயரையெல்லாம் மாற்றினான். ஒரே ஒரு வயர்தான் இடித்தது. அது கம்பிகளைத் தாங்கும் இரும்புத் தகட்டுக்குப் போயிற்று. அதாவது, எலிசாளின் விரல் படும் இடத்துக்கு. கை படும் இரும்பில் வயர் இருந்தால் என்ன ஆகும் என்று ரேடியோக்காரனுக்குச் சொல்லித் தர வேண்டுமா? அவனே இரண்டு முறை ஸ்டூலோடு பறந்திருக்கிறான். பிரியத்தோடு அதை வெட்டிச் சட்டைப்பையில் ஒளித்துக்கொண்டான்.

புதன் சாயங்காலம் சுவாமிதாஸ் கொண்டுவந்த ஆம்ப்ளிஃபயர் பெட்டியில் கிட்டாரை மாட்டி எலிசாள் வாசித்தாள். தேன் மாதிரி நாதம். சுவாமிதாஸுக்குக் கண் நிறைந்துவிட்டது. கீர்த்தனை முடிந்ததும் உபதேசியார் கண்ணை மூடி, "ஆண்டவரே, எங்களோடு பேசும்" என்றார்.

கிட்டார் பேசியது.

"சாணகக் குழியிலாணு கொம்பன் செல்லி முட்டையிடுந்நது."

வானொலியின் மலையாள விவசாய நிகழ்ச்சி. சாணிக் குழியில் முட்டையிடும் அந்தக் கொம்பன் செல்லி என்றால் அதே தென்னை வண்டுதான். உபதேசியார் ஒற்றைக் கண்ணைத் திறந்தார். சத்தத்தைக் குறைக்கப்போன எலிசாளின் கையைத் தாசையன் பிடித்துக்கொண்டார். மருந்தின் அளவுவரை பாட்டுப்புத்தகத்தின் பின்னட்டையில் எழுதி முடித்துவிட்டுத்தான் ஆமென் சொன்னார்.

கூட்டம் கலைந்ததும், "டே, என்ன மிச்சம் வந்துது?" என்றார்.

சுவாமிதாஸ் வயரை எடுத்து நீட்டினான். காற்றில் வரும் கண்ட சத்தத்தையும் அடக்கத்தான் அது இருந்தது என்று அவனுக்கு இப்போதுதான் உறைத்தது. கல்யாணம் போயிற்று என்றே நினைத்தான்.

"ஈயம் வச்சு ஒட்டினா நின்னுரும் அண்ணாச்சி. அஞ்சு நிமிஷம்."

தாசையன் வயரை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார்.

"ஒட்டாண்டாம். அடுத்த புதன் உரத்தப் பத்தி சொல்லுவானாம்."

"அப்போ இது ரேடியோ ஆயிருமே."

"நம்ம வீட்டுல ரேடியோ கிடையாது. இது கிட்டார். உனக்க கைய காட்டு. மிச்சம் உண்டா?"

சுவாமிதாஸ் வெறும் கைகளை விரித்துக் காட்டினான்.

"பின்ன என்ன, பேசி முடிச்சிரலாம்."

"அப்பா, எனக்க கல்யாணத்தன்னைக்கு வண்டு வந்தா?" என்றாள் எலிசாள்.

"கல்யாணத்த புதன்கிழமை வைக்காண்டாம்."

"சரி, மாமா" என்றான் சுவாமிதாஸ்.