மாடி காலியாக இருக்கிறது

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு பல்கலைக்கழகக் கருத்தரங்கில். ‘இணைய ஊடகமும் சமூக நீதியும்’ என்று மேடைக்குப் பின்னால் பெரிய பேனர். என்னை எதற்குக் கூப்பிட்டார்கள் என்று எனக்கும் தெரியாது, கூப்பிட்டவர்களுக்கும் தெரிந்திருக்காது. திரையில் ஒரு வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து நாற்காலிப் பெண்மணி என் பக்கம் சாய்ந்து, “இதுல யாரு யாருக்கு வீடு இல்லைன்னு சொல்றாங்க, உங்களுக்குப் புரியுதா?” என்று கேட்டார். புரியவில்லை என்றேன்.

“எனக்கும் புரியல. அதுல இருக்கிறது நான்தான்” என்றார்.

அதுவும், பிறகு தேநீர் வரிசையில் அவர் சொன்ன அவருடைய தொழிலும்தான் எனக்குக் கிடைத்தவை. மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

2

முதல் வரைவு இப்படித் தொடங்கியது: “கண்ணீர் வழியும் கண்களோடு அந்த ஏழைப் பெண் சாத்திய கதவின் முன்னால்—”

போதும். அழித்துவிட்டேன். நான் பார்த்த பெண்மணி கார் ஓட்டக் கற்றுத் தருகிறவர். பதறுகிற ஆட்களின் பக்கத்தில் உட்கார்ந்து, தன் பக்கத்துப் பிரேக்கில் பாதத்தை வைத்தபடியே பிழைப்பை நடத்துகிறவர். கதவு சாத்தினால் அழுகிற ஆள் இல்லை.

அவர் ஒரு வீடு பார்க்கப் போயிருந்தார். வீட்டுக்காரருக்கு அவரைப் பிடித்துப் போயிற்று. காரை எங்கே நிறுத்துவது என்பதுவரை பேசியாகிவிட்டது. அப்புறம்தான், நீங்கள் எந்த ஆட்கள் என்று வீட்டுக்காரர் சாடைமாடையாகக் கேட்டார். அவர் மறைக்காமல் சொன்னார். உடனே வீட்டுக்காரருக்கு, வேறு யாருக்கோ வாக்குக் கொடுத்தது ஞாபகம் வந்துவிட்டது. அந்தப் பெண்மணி போனை எடுத்துக் கேமராவை ஓடவிட்டார்.

ஊரே அதைப் பார்த்தது. வீட்டுக்காரருக்குக் கொஞ்ச நாள் வசவு, அதன் பிறகு நல்ல குடித்தனக்காரர் கிடைத்தார். பெண்மணிக்கோ போகிற வாசலெல்லாம், “அந்த வீடியோ அம்மா நீங்கதானே?” என்ற விசாரிப்பு. அன்பாகத்தான் விசாரித்தார்கள். வீடு மட்டும் தரவில்லை.

3

இனி கதாநாயகன் [அடித்துவிட்டேன்; ஆய்வாளன் என்றே இருக்கட்டும்]. வாடகை வீடு மறுக்கப்படுவதை இணையம் எப்படிப் பேசுகிறது என்பது அவனுடைய ஆய்வு. கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் என் வேலை சுலபமாக முடிந்திருக்கும்.

அந்த வீடியோவைக் கருத்தரங்கில் காட்ட, பல்கலைக்கழகத்தின் அறநெறிக் குழுவிடம் அனுமதி கேட்டான். பாதிக்கப்பட்டவரின் முகத்தை மங்கலாக்கிவிடுங்கள் என்றார்கள். அவர் முகம் தெரியவே விரும்புகிறார் என்று சொல்லிப் பார்த்தான். பாதிக்கப்பட்டவர்களுக்குத் தங்கள் நன்மை எப்போதும் தெரிவதில்லை என்று குழுத் தலைவர் பரிவோடு விளக்கினார். அதே பரிவு வீட்டுக்காரர் பக்கமும் திரும்பியது. அவருக்கும் உரிமை உண்டல்லவா? அவரையும் மங்கலாக்கு. இரண்டு குரலையும் மாற்று.

ஆக, கருத்தரங்குத் திரையில் தெரிந்தது ஒரு கதவு. கதவு மட்டும் துல்லியம். அதன் இரண்டு பக்கமும் இரண்டு புகைமூட்டம், ஒரே வாத்துக் குரலில் பேசிக்கொண்டன. அவையினர் கைதட்டினார்கள்.

4

நிகழ்ச்சி முடிந்ததும் அந்தப் பெண்மணி ஆய்வாளனைத் தேடி வந்தார். நன்றாக நாலு வாங்கப் போகிறோம் என்று நினைத்தான். [நானும் அப்படித்தான் எழுத உட்கார்ந்தேன்.] அவர் வேறொன்றைக் கேட்டார்.

“அன்னைக்குப் பேட்டிக்கு உங்க வீட்டுக்கு வந்தேனே, கேட்ல ‘மாடி வாடகைக்கு’ன்னு போர்டு தொங்குச்சு. இன்னும் காலியாத்தான் இருக்கா தம்பி?”

“இருக்கு மேடம். அக்கா வீடு அது. கேட்டுச் சொல்றேன்.”

அவன் தயங்கினான் என்று எழுதினால் உங்களுக்குப் பிடிக்கும். தயங்கவில்லை. உண்மையிலேயே சந்தோஷப்பட்டான். பேருந்தில் வரும்போதே அவருடைய காருக்கு முருங்கை மரத்தடியில் இடம் ஒதுக்கிவிட்டான்.*

* முருங்கை மரம் நான் வைத்தது. எந்த ஊரிலும் வளரும்.

5

அக்கா விஷயத்தைக் கேட்டும் துணி மடிப்பதை நிறுத்தவில்லை. தனக்கு ஒன்றுமே இல்லை என்றாள். நாம அப்படியெல்லாம் பார்க்கிற குடும்பமா என்றும் கேட்டாள். அத்தான்தான் என்ன சொல்வாரோ. அத்தானோ, வீடு உன் அக்கா பேரில் அல்லவா இருக்கிறது என்றார். தவிர, பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒரு மாதிரி. தவிர, அந்தம்மா வீடியோ எடுக்கிறவர்.

“நாளைக்குத் தண்ணி வரலைன்னாலும் போனைத் தூக்கிருவாங்கப்பா. நாம நிம்மதியா இருக்க வேணாமா?” என்றார் அத்தான்.

இவை எல்லாமே அவனுடைய ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தில் இருந்தன. ‘பொறுப்பைக் கைமாற்றுதல்’ என்று தலைப்பு. எந்த வாக்கியம் எந்த உட்தலைப்பில் வரும் என்றுகூட அவனுக்குத் தெரியும். வாய்தான் திறக்கவில்லை. வேலை கிடைக்கிறவரை அவனுக்குச் சோறும் படுக்கையும் அந்த வீட்டில்தான்.

[இங்கே அவன் அத்தானை எதிர்த்து வெளுத்து வாங்குவதாக ஒரு பக்கம் எழுதியிருந்தேன். எழுத்து அருமையாக அமைந்திருந்தது. அவனால் முடியாத காரியம் என்பதால் எடுத்துவிட்டேன்.]

6

மறுநாள் சாயங்காலம் தன் அறையிலிருந்து அவருக்குப் போன் செய்தான். மாடிக்கு வேற ஆள் சொல்லிட்டாங்க மேடம் என்றான். சொல்லி முடித்த பிறகுதான் அந்த வாக்கியத்தை எங்கே கேட்டோம் என்று அவனுக்கு உறைத்தது.

ரிவர்ஸ் எடுக்கிற மாணவனிடம் பேசுகிற நிதானத்தில் அவர் சொன்னார்:

“தம்பி, நான் ரெக்கார்ட் பண்றேன். இன்னொரு தடவை சொல்றீங்களா?”

இதற்கு மேல் எனக்கு மூன்று முடிவுகள் வந்தன. ஒன்றில் அவன் போனை வைத்துவிடுகிறான். நடக்கக்கூடியதுதான், ஆனால் பாதிச் சாப்பாட்டில் எழுந்த மாதிரி இருந்தது. இன்னொன்றில் அவன் உண்மையைச் சொல்கிறான், அக்கா மனம் மாறுகிறாள், எல்லோரும் மாடியில் நின்று காற்று வாங்குகிறார்கள். எழுதிவிட்டு நானே சிரித்தேன்.

மூன்றாவதைத்தான் வைத்திருக்கிறேன். அவன் போனோடு கூடத்துக்கு வந்தான். அக்காவும் அத்தானும் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஸ்பீக்கரை அழுத்தி, போனை அவர்களுக்கு நடுவே மேசைமேல் வைத்தான்.

“அந்த மேடம் லைன்ல இருக்காங்க. ரெக்கார்ட் ஆகுது. நீங்களே சொல்லிருங்க.”

அவன் துணிந்துவிட்டான் என்று தோன்றலாம். எனக்கும் ஒரு நிமிடம் தோன்றியது. ஆனால் அதுவும் கைமாற்றிவிடுகிற வேலைதான். அத்தனை பக்கம் எழுதியவனுக்கு, அந்த அத்தியாயத்தில் தனக்கும் இடமுண்டு என்று தோன்றியதே இல்லை.

அக்கா டிவி சத்தத்தைக் குறைத்தாள். அத்தான் அக்காவைப் பார்த்தார். அக்கா தம்பியைப் பார்த்தாள். தம்பி போனைப் பார்த்தான்.

அடுத்த வரியை நான் எழுதப்போவதில்லை. இந்த மூன்று பேரையும் இப்போது என்னளவுக்கு உங்களுக்கும் தெரியும். யார் வாயில் என்ன வார்த்தை வரும் என்று நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். கொஞ்சம் சீக்கிரம், அவர் காத்திருக்கிறார்.

“யாராவது பேசுங்க. நான் லைன்லதான் இருக்கேன்.”