எமிலி எழுதியது

குருசுமுத்து தன் நல்ல கையால் பஸ்ரியாம்பிள்ளையின் வலது கையைப் பிடித்துக் குனிந்து முத்தமிட்டார். பாரிசவாதத்தில் ஒரு கை விழுந்து, வாயும் ஒருபக்கம் இழுபட்டிருந்தது. முத்தம் எச்சிலாகப் புறங்கையில் தங்கியது. உடனே துடைத்தால் மரியாதையில்லை என்று பஸ்ரியாம்பிள்ளை கையைச் சற்று விலக்கி வைத்தபடி கதிரையில் அமர்ந்தார். நெடுந்தீவு வெக்கையில் எச்சில் காய்ந்து தோலை இழுத்தது.

தன் குடும்பத்தைப் புத்தகத்தில் போட்டு ஊரில் மதிப்பாக்கியது பஸ்ரியாம்பிள்ளை மாஸ்ரர்தான் என்று குருசுமுத்து திரும்பத் திரும்பச் சொன்னார். சுவரைக் கையால் காட்டினார். அங்கே இயேசுவின் திரு இருதயப் படத்துக்குப் பக்கத்தில், அதே அளவு சட்டத்துக்குள், ‘கரையொளி’ மாத இதழின் ஒரு பக்கம் கண்ணாடி போட்டுத் தொங்கியது. 2003 ஐப்பசி. ‘நன்றி மடல்கள்’ பகுதி. பஸ்ரியாம்பிள்ளை எழுந்துபோய் வாசிக்கவில்லை. அவருக்கு அது மனப்பாடம். படியில் விழுந்து இடது கை முறிந்த ஒரு மனைவி, வலியின் நாள்களில் தன்னைக் கண்ணின் மணிபோலக் காத்த கணவரைத் தந்ததற்காக மாதாவுக்கு நன்றி சொல்லும் கடிதம். செபமாலை மாதத்தில் பல கோயில்களில் அதை வாசித்திருக்கிறார்கள். கனடாவிலிருந்து ஒருவர் தொலைபேசியில் அழுதிருக்கிறார்.

பஸ்ரியாம்பிள்ளைக்கு அறுபத்தொன்பது வயது. யாழ்ப்பாணத்து அச்சகம் ஒன்றில் பிழை திருத்துபவராகத் தொடங்கி, பிறகு பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பித்து, இடம்பெயர்ந்து, திரும்பி வந்து, தொண்ணூற்றெட்டில் ஊர்காவற்துறையில் பங்கு மண்டபத்தை ஒட்டிய ஓர் அறையில் ‘கரையொளி’யைத் தொடங்கியவர். புனிதர்களின் வரலாறு, செபப் புத்தகங்கள், சிலுவைப் பாதைச் சிந்தனைகள் என்று பதினொரு நூல்கள் எழுதிவிட்டார். எல்லாவற்றிலும் அதிகம் விற்றது அவர் எழுதாத ஒன்று: ‘நன்றி மடல்கள்’ பகுதியில் வந்த வாசகர் கடிதங்களின் தொகுப்பு. இப்போது அதற்கு ஐந்தாம் பதிப்பு வருகிறது. இதழுக்குப் பொறுப்பாயிருக்கும் டிலோன் அடிகளார், அட்டையில் அந்த நன்றிக் கடிதம் எழுதிய எமிலியின் குடும்பப் படத்தைப் போட வேண்டும் என்று ஆசைப்பட்டார். அதற்காகத்தான் பஸ்ரியாம்பிள்ளை குறிகட்டுவானில் படகேறி, ஒரு மணித்தியாலம் அலையில் ஆடி, முதல்முறையாக இந்த வீட்டுக்கு வந்திருந்தார்.

எமிலி குசினியிலிருந்து தேத்தண்ணி கொண்டுவந்தாள். ஐம்பத்தெட்டு வயதிருக்கும். இடது முழங்கை வெளிப்பக்கமாகத் திரும்பியிருந்தது. தட்டை வலது கையில் ஏந்தி, இடது கையை அதன் அடியில் வெறுமனே முட்டுக் கொடுத்திருந்தாள். சிரிக்கவில்லை. படம் எடுக்க வந்ததாகச் சொன்னதும் குருசுமுத்து பரபரத்தார். நல்ல சேட் போட்டுக்கொண்டு வருவதாகச் சொல்லி, சுவரைத் தடவித் தடவி உள்ளே போனார். ஒரு கையால் சேட் மாற்ற நேரமெடுக்கும். எமிலி உதவிக்குப் போகவில்லை. தட்டைப் பிடித்தபடி நின்றாள்.

“மாஸ்ரர், நான் எழுதின கடிதம் உங்களிட்ட இன்னும் இருக்கோ?”

நினைவுக்கு வைத்திருக்கக் கேட்கிறாள் என்று எண்ணினார். எதையும் எறிவதில்லை, பெட்டிகளில் தேடிப் பார்க்கலாம் என்றார்.

“இருந்தால் எனக்கு வேணும். நான் என்ன எழுதினனான் எண்டு எனக்கே இப்ப சந்தேகம். இருபத்தொரு வருசமா உந்தக் கண்ணாடிக்குள்ள இருக்கிறதைத்தானே பாத்துக்கொண்டிருக்கிறன்.”

குரலை உயர்த்தவில்லை. தேத்தண்ணியை எடுக்கச் சொல்லுவதுபோலத்தான் சொன்னாள். பஸ்ரியாம்பிள்ளைக்கு உடனே ஒன்றும் விளங்கவில்லை. அச்சில் வந்தது அவருக்கு வரிக்கு வரி நினைவிருந்தது. அதற்கு முன்னால் ஒரு காகிதம் இருந்தது என்பது மட்டும் தெரிந்தது. அதில் என்ன இருந்தது என்பது மறந்துவிட்டது.

“என்ர தமையன் வாசிக்க வேணுமெண்டுதான் எழுதினனான். அவர் வாசிச்சவர். அந்த வருச நத்தார்ப் பெருநாளுக்கு வந்தவர், உங்கட புத்தகத்தையும் கொண்டு. வந்து இவரிட்ட மன்னிப்புக் கேட்டவர். நல்ல மனிசனைப் பிழையா நினைச்சிட்டன் எண்டு.” தட்டை நேராக்கினாள். “பேந்து அவரும் செத்துப் போனார்.”

குருசுமுத்து பித்தான்களை மாறிப் பூட்டிக்கொண்டு வந்தார். எமிலி தட்டை வைத்துவிட்டு, அவற்றைக் கழற்றிச் சரியாகப் பூட்டிவிட்டாள். பிறகு இருவரும் சட்டத்துக்குக் கீழே நின்றார்கள். அவர் தன் நல்ல கையை அவள் தோளில் போட்டார். பஸ்ரியாம்பிள்ளை தொலைபேசியை உயர்த்தி மூன்று படங்கள் எடுத்தார். ஏன் எடுத்தேன் என்று படகில் வரும்போது நினைத்தார். எடுக்காமல் விட்டிருக்கலாம். கை தானாக எடுத்துவிட்டது.

மறுநாள் காலையில் இதழ் அறையின் அலுமாரியைத் திறந்தார். பிஸ்கற் பெட்டிகளில் ஆண்டுவாரியாகக் கட்டிவைத்த கடிதங்கள். எமிலியுடையது பாடசாலைக் கொப்பியிலிருந்து கிழித்த இரண்டு தாள். இடது கை முறிந்தவள் தாளை அழுத்திப் பிடிக்க முடியாமல் எழுதியதால் வரிகள் சரிந்து போயிருந்தன.

‘ஆசிரியர் ஐயாவுக்கு நெடுந்தீவு எமிலி எழுதிறது. போன வெள்ளிக்கிழமை என்ர மனிசன் உலக்கையால அடிச்சு இடக்கை முறிஞ்சு போச்சு. ஆசுப்பத்திரியில படியில விழுந்தது எண்டு சொல்லச் சொன்னவர். சொன்னனான். எங்கட வீட்டில படி இல்லை. கோயில் ஆக்களிட்டச் சொல்ல பொறுமையாய் இருக்கச் சொல்லினம். என்ர தமையன் ஊர்காவற்துறையில இருக்கிறார். நான் விரும்பிக் கட்டினது எண்டு கதைக்கிறேல்லை. கடிதம் போட்டால் பிரிக்காமல் திருப்பி அனுப்புறார். ஆனா உங்கட புத்தகத்தை மாதாமாதம் வாசிக்கிறவர். நீங்கள் இதைப் போட்டால் அவர் கண்டு வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போவார். மாதாவுக்கு நன்றி எண்டு இருந்தால்தான் போடுவியள் எண்டால் அதையும் கடைசியில சேத்துவிடுங்கோ.’

தாளின் மேல் அவருடைய சிவப்புப் பேனை ஓடியிருந்தது. ‘உலக்கை’யிலிருந்து ‘கூட்டிக்கொண்டு போவார்’ வரை குறுக்கே ஒரே கோடு. ‘படியில விழுந்தது’ மட்டும் வட்டமிட்டுக் காப்பாற்றப்பட்டிருந்தது. ஓரத்தில் அவருடைய அழகான கையெழுத்தில்: ‘கண்ணின் மணிபோல’.

அன்றைய பின்னேரம் அவருக்கு இப்போது முழுதாக ஞாபகம் வந்தது. ஐப்பசி இதழுக்கு நன்றிப் பக்கம் நிரம்பவில்லை. அச்சகத்தில் காத்திருந்தார்கள். இந்தக் கடிதத்தை வாசித்துச் சலித்துக்கொண்டார். இப்படியெல்லாம் எழுதுகிறார்களே என்று பட்டது. பிறகு பத்து நிமிடத்தில் அதைத் திருத்தி முடித்தபோது ஒரு திருப்தி வந்தது. அதைத்தான் அவரால் இப்போது தாங்க முடியவில்லை. கோபமோ பயமோ இருந்திருந்தால்கூடப் பொறுக்கலாம். நல்ல வேலை செய்துவிட்ட திருப்தி. எழுத்துப் பட்டறைகளில் இளையவர்களுக்கு அவர் சொல்லிக் கொடுக்கும் வசனம் ஒன்றுண்டு: வாசகருக்குக் காயத்தைக் காட்டாதீர்கள், மருந்தைக் கொடுங்கள். எல்லா இடத்திலும் கைதட்டு வாங்கிய வசனம். அதை இப்போது வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். பழைய எண்ணெயில் பொரித்ததைத் தின்றதுபோல நாக்கில் ஒட்டியது.

மற்றப் பெட்டிகளையும் பிரித்தார். இரண்டு நாள் அதே வேலை. எல்லாம் எமிலியுடையது போல இல்லை. மாடு கிடைத்தது, பரீட்சை சித்தியடைந்தது, புண் ஆறியது என்று உண்மையாகவே நன்றி சொன்னவைதான் அநேகம். ஆனால் இடையிடையே சிவப்புக் கோடு நீளமாக ஓடிய தாள்கள் வந்தன. காணாமற்போன மகனைப் பற்றி ஒரு தாய் எழுதியதில் மகனே இல்லாமற் போயிருந்தான். அவளுக்குக் கிடைத்த மன அமைதி மட்டும் அச்சேறியிருந்தது. ‘கண்ணின் மணிபோல’ பத்தொன்பது கடிதங்களில் இருந்தது. பத்தொன்பது பேரின் வாயில் அவர் அதை வைத்துத் திணித்திருக்கிறார். பதினொரு நூல்கள் அலுமாரியின் மேல்தட்டில் வரிசையாக நின்றன. ஒன்றை எடுத்துப் பிரித்துப் பார்த்தார். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அதே இனிப்பு. மூடி வைத்தார்.

டிலோன் அடிகளார் கடிதத்தைப் பொறுமையாக இரண்டுதரம் வாசித்தார். முப்பத்தாறு வயது, ஊக்கமானவர், நல்லவர். முகம் வாடியது. பாவம் அந்த அம்மா என்றார். புத்தகம் அச்சாகிவிட்டது, அட்டை மட்டும்தான் பாக்கி என்றார். கடிதத்தை நீக்க ஏலாது, ஆனால் அந்தக் குடும்பத்தின் படத்தைப் போடாமல் விடலாம், பதிலாக நல்லதொரு கடல் படம் போடலாம் என்றார். இதழில் மறுப்புப் போடலாமா என்று பஸ்ரியாம்பிள்ளை கேட்டார். அடிகளார் கைகளைக் கோத்துக்கொண்டார்.

“மாஸ்ரர், அந்தக் கடிதத்தால எத்தினை குடும்பம் ஆறுதல் அடைஞ்சிருக்கு. காயத்தைக் காட்டி என்ன பயன்? நீங்களே எங்களுக்குப் படிப்பிச்சதுதானே.”

பஸ்ரியாம்பிள்ளை தன் வசனம் இன்னொருவர் வாயிலிருந்து, அதே மெல்லிய குரலில், அதே நல்லெண்ணத்தோடு வந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இளைஞனில் கோபம் வரவில்லை. தான் அங்கே கதிரையில் இருந்து தன்னோடு கதைப்பதுபோல இருந்தது. எழுந்து வெளியே வந்து, மண்டபக் குழாயில் முகம் கழுவினார்.

வியாழக்கிழமை மறுபடி நெடுந்தீவுக்குப் போனார். குருசுமுத்து மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உள்ளே படுத்திருந்தார், குறட்டை கேட்டது. எமிலி வளவில் பூவரச மரத்தடியில் ஒடியலுக்குக் காயவைக்கப் பனங்கிழங்கு கிழித்துக்கொண்டிருந்தாள். அவர் கடிதத்தைக் கொடுத்தார். கையைச் சீலையில் துடைத்துவிட்டு வாங்கினாள். நின்றபடியே வாசித்தாள். சிவப்புக் கோட்டின் அடியில் கிடந்த சொற்களை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தாள். முடித்துவிட்டு மறுபடி தொடக்கத்துக்குப் போனாள்.

“நான் சரியாத்தான் எழுதியிருக்கிறன்,” என்றாள்.

அவர் மன்னிப்புக் கேட்பதற்காகப் படகில் வசனங்களைச் சேர்த்து வைத்திருந்தார். அவை எல்லாம் நன்றாக அமைந்த வசனங்கள். அதனாலேயே ஒன்றையும் சொல்லவில்லை. தான் செய்தது அநியாயம் என்று மட்டும் சொன்னார். அவள் அதற்கு ஓம் என்றாள். ஆறுதலாக வேறொன்றும் சொல்லவில்லை.

இதழ் இப்போது அச்சில் குறைவாகத்தான் வருகிறது, பெரும்பாலும் தொலைபேசியில் வட்ஸ்அப் குழுக்களுக்குத்தான் போகிறது, அவற்றுக்கு அனுப்புவது தன் கையில்தான் இருக்கிறது என்று விளக்கினார். அவள் சொன்னால் அனுப்புவார். வேண்டாமென்றால் கடிதம் அவளோடு இருக்கட்டும். ஊர் கதைக்கும் என்பதையும் அவள் நினைக்க வேண்டும் என்றார். அவள் குறட்டை வந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

“அவருக்கு இப்ப கண் தெரியாது. மாதாமாதம் புத்தகத்தை நான்தான் வாசிச்சுக் காட்டுறனான். உதையும் வாசிப்பன்.” பிறகு, “போடுங்கோ. ஆனா ஒரு சொல்லும் திருத்தக்கூடாது.”

“கடைசி வரி?” என்று கேட்டார். “மாதாவுக்கு நன்றி எண்டது?”

தாளைப் புரட்டிக் கடைசி வரியைப் பார்த்தாள்.

“அது வேண்டாம். அது உங்களுக்காக எழுதினது.”

கடிதத்தை அவள் திருப்பித் தரவில்லை. பஸ்ரியாம்பிள்ளை பக்கத்தில் குந்தியிருந்து அவள் வாசிக்க வாசிக்கத் தொலைபேசியில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். ‘ஆசுப்பத்திரி’யில் அவர் விரல் தயங்கியது, நாற்பது வருடப் பழக்கம். விட்டார். ‘சொல்லினம்’ என்பதை ‘சொல்கிறார்கள்’ ஆக்கத் துடித்தது. அதையும் விட்டார். அதற்கு மேலே தன் பெயரில் இரண்டு வரி சேர்த்தார்: ‘2003 ஐப்பசி இதழில் எமிலியின் பெயரில் வந்த கடிதத்தை எழுதியவன் நான். கீழே இருப்பது எமிலி எழுதியது.’ அவளுக்கு வாசித்துக் காட்டினார். அவள் கத்தியை எடுத்துக் கிழங்கைக் கிழிக்கத் தொடங்கியிருந்தாள். சரி என்று தலையசைத்தாள்.

இறங்குதுறையில் படகு ஏற்கெனவே நிரம்பிக்கொண்டிருந்தது. அங்குதான் சிக்னல் ஒழுங்காக வரும். சீமெந்துக் கட்டின்மேல் நின்றபடி ஏழு குழுக்களுக்கும் அனுப்பினார். ஊர்காவற்துறை, நெடுந்தீவு, அனலைதீவு, யாழ்ப்பாணம், பிரான்ஸ், கனடா, குருமார். அனுப்பி முடித்ததும் நெஞ்சு லேசாகும் என்று எதிர்பார்த்திருந்தார். ஆகவில்லை. வாயில் அந்தப் பழைய எண்ணெய்ச் சுவை அப்படியே இருந்தது. தொலைபேசி உடனே அதிரத் தொடங்கியது. டிலோன் அடிகளாரின் பெயர். எடுக்காமல் சேட் பையில் போட்டுவிட்டுப் படகின் கீழ்த்தட்டுக்கு இறங்கினார்.

உள்ளே டீசல் மணம். செம்மஞ்சள் மிதவைச் சட்டைகளை மாட்டிக்கொண்டு ஆட்கள் நெருக்கமாக இருந்தார்கள். அவருக்கு நேரெதிரே ஒரு பெண், முப்பது வயதிருக்கும், கழுத்தில் செபமாலை, மடியில் கருவாட்டுப் பொதி. அவளுடைய பையிலிருந்து மணிச்சத்தம் கேட்டது. தொலைபேசியை எடுத்துத் திறந்தாள். ‘கரையொளி’யின் சின்னத்தை அவர் தலைகீழாகக் கண்டார். இயந்திரம் உறுமிப் படகு கரையைவிட்டு விலகியது. அவள் சத்தமில்லாமல் உதடுகளை அசைத்து வாசிக்கும் பழக்கமுள்ளவள். இவ்வளவு காலத்தில் தன் இதழை ஒருவர் வாசிப்பதை இவ்வளவு அருகில் இருந்து அவர் பார்த்ததில்லை. அவளுடைய உதடுகளைப் பார்த்தபடியே எந்த வரியில் நிற்கிறாள் என்று கணக்கிட்டார். உலக்கை. ஆசுப்பத்திரி. எங்கட வீட்டில.

உதடுகள் நின்றன. அவள் கண்ணை எடுக்காமலே கருவாட்டுப் பொதியை மடியிலிருந்து கீழே இறக்கி வைத்தாள். விரலால் திரையைக் கீழே இழுத்து, முதல் வரியிலிருந்து மறுபடி வாசிக்கத் தொடங்கினாள்.