கொக்கியில்லாத நான்கு பிள்ளைகள்

வெள்ளவத்தையில் பஸ் ஏறியதிலிருந்து கொட்டாஞ்சேனையில் இறங்கும்வரை நஸ்லா மனத்துக்குள் முன்பள்ளிப் பிள்ளைகளின் தலைகளை எண்ணிக்கொண்டே வந்தாள். எப்படி எண்ணினாலும் பதினொன்றைத் தாண்டவில்லை. பதினைந்து பிள்ளைகள் இல்லாவிட்டால் தோட்டம் என்கிற அந்தக் குடிசைக் குடியிருப்பின் மண்டபத்தை முன்பள்ளிக்குத் தர முடியாது, டியூஷன்காரருக்குக் கொடுத்துவிடுவோம் என்று மாநகர சபையிலிருந்து கடிதம் வந்திருந்தது. அதிகாரி இன்றைக்குத்தான் பார்க்க வருகிறார்.

ஐந்து முன்பள்ளிகளை நடத்தும் தொண்டு நிறுவனத்தின் தலைவி என்று பெயர்தான் மிகப் பெரிது. சாதாரண நாளிலேயே அவளுக்குக் கால் ஓரிடத்தில் தரிக்காது. இன்றைக்குக் கேட்கவே வேண்டாம்.

மண்டபத்துக்குள் நுழைந்தவள் திகைத்துப்போனாள். பவுடர் அப்பி, தலை வாரி, சரியாகப் பதினைந்து பிள்ளைகள்!

"இதென்ன வேலை, இராமலெட்சுமி?"

முன்பள்ளிக்கு வரும் மிதுஷனின் தாய் இராமலெட்சுமிக்கு முகமெல்லாம் சிரிப்பு. "நாலு தலை கொறஞ்சுச்சு மிஸ். தோட்டத்துல இருந்து புடிச்சாந்து ஒக்கார வச்சோம். ஆபீசரம்மா எண்ணிட்டுப் போயிருவாங்க."

"யா அல்லாஹ்! என்ட மானத்த வாங்கவா பாக்கிறீங்க?"

அதற்குள் அதிகாரி வந்துவிட்டார். சிங்களப் பெண்மணி; தமிழ் நன்றாகவே வந்தது. எண்ணினார், பதினைந்து என்று எழுதினார். நஸ்லா அப்போதுதான் மூச்சு விட்டாள். போகிற மனுஷி சும்மா போகக் கூடாதா?

"பிள்ளைகள், பேக்கைக் கொண்டுபோய் மாட்டுங்க பார்ப்பம்."

சுவரில் ஆளுக்கொரு கொக்கி. மேலே மீன், குடை, ஆட்டோ என்று படம். பதினொரு பேர் ஓடினார்கள். நான்கு பேர் இரவல் பைகளோடு நடுவில் நின்றார்கள்.

"இவங்க?"

'புதுசு' என்று நஸ்லாவின் நாக்கு நுனிவரை வந்தது. பிள்ளைகள் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இவங்க எங்கட பிள்ளைகள் இல்ல மிஸ். எண்ணிக்கைக்குக் கூட்டி வந்தது. பதினொண்டுதான்," என்றாள்.

இராமலெட்சுமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எங்க புள்ளைங்க இல்லையா? தண்ணி பைப்புக்கு அந்தப் பக்கம்தான் இருக்குதுங்க. ஏன் வரலைன்னு மிஸ்ஸையே கேளுங்க! பர்த் சர்டிபிகேட் இல்லாம எடுக்க ஏலாதுன்னு திருப்பி அனுப்புனது அவங்கதான்."

நஸ்லாவுக்கு முகம் எரிந்தது. பிறப்புச் சான்றிதழ் வேண்டும் என்ற வரியைச் சேர்க்கைப் படிவத்தில் போடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அறிக்கை அழகாக இருக்கட்டும் என்று அவளே போட்டது. பிறகு பிள்ளை கிடைக்கவில்லையே என்று கொழும்பெல்லாம் அலைந்தாள்.

சிவப்புப் பை வைத்திருந்த சிறுமியின் முன்னால் நஸ்லா குந்தினாள். "பேரென்ன மகள்?"

"பஹ்மா. நான் முந்தியும் வந்தேன்தானே. நீங்க போகச் சொன்னீங்க."

நஸ்லா எழுந்தாள். "நேத்து வரைக்கும் பதினொண்டு மிஸ். இண்டையில இருந்து பதினைஞ்சு. சர்டிபிகேட்டுக்கு நான் ஓடுறேன், பிள்ளைகள் ஓடத் தேவையில்ல."

அதிகாரி எழுதிய தாளை மடித்தார். "அடுத்த மாசம் திரும்ப வருவேன். இதே நாலு பேரும் பேக்கை மாட்டணும். இல்லாட்டி மண்டபம் இல்ல."

அவர் படியிறங்கியதும் நஸ்லா புதுக் கொக்கிகள் அடிக்கச் சுத்தியலைத் தேடி எடுத்தாள். முதல் ஆணி வளைந்துபோனது. பஹ்மா பையைத் தோளிலிருந்து கழற்றாமல் பக்கத்தில் வந்து நின்றாள்.

"இத அடிச்ச பொறகும் போகச் சொல்லுவீங்களா?"

நஸ்லா அடுத்த ஆணியை எடுத்தாள். பஹ்மாவின் கைக்கு எட்டும் உயரத்தில் வைத்து அடித்தாள்.