ஏழாவது பாட்டு

பெரியவரின் இளைய மகன் இறந்த மாதம் முடிவதற்குள், அவனோடு சேர்ந்து வாசித்த பெண் ஒருத்தி, ஒலிநாடாச் சுருள் ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு அவருடைய இசைத்தட்டுக் கூடத்துக்கு வந்து நின்றாள். ஒல்லியான உடம்பு, தோளெல்லாம் எலும்பு. குழுவில் டிரம்ஸ் அடிப்பவள். கூட்டாளிகள் அவளைக் குருவி என்று கூப்பிட்டார்கள். அவள் அடியைக் கேட்டவர்களுக்குத்தான் அந்தப் பெயரில் இருக்கும் கேலி புரியும்.

இசைத்தட்டு வெட்டுவது பெரியவரின் குடும்பத்துக்கு மூன்று தலைமுறைத் தொழில். பாடுகிறவர்கள் கொண்டுவரும் நாடாவை ஓடவிட்டு, அரக்குப் பூசிய தட்டில் ஊசியால் முதல் பள்ளத்தை வெட்டிக் கொடுக்க வேண்டும். அந்தத் தாய்த்தட்டை வைத்துத்தான் ஆலையில் மற்ற தட்டுகளை அச்சடிப்பார்கள். பாட்டு முடிந்தபின் நடுவில் வெறுமையாகக் கிடக்கும் வளையத்தில், பெரியவர் தன் கையால் ஒரு கோடும் அதன்மேல் ஒரு புள்ளியும் கீறுவார். அவருடைய தாத்தா கீறியது, அப்பா கீறியது. அந்த முத்திரை இருக்கும் தட்டில் குறை சொல்லிக்கொண்டு இதுவரை ஒருவரும் அந்தப் படி ஏறியதில்லை.

எட்டு வருஷத்துக்கு முன் இளையவன் தன் முதல் ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு அதே படி ஏறி வந்தான். பெரியவர் இரண்டு நிமிஷம் கேட்டுவிட்டு நாடாவை நிறுத்தினார். "இந்தக் கூச்சலுக்கு என் முத்திரை கிடையாது. இதைப் பண்றவனுக்கு என் பேரும் கிடையாது" என்றார். பையன் வாதாடவில்லை, போய்விட்டான். அதன்பின் அவன் இருக்கும் ஊர்ப்பக்கம் அவர் தலைவைத்தும் படுக்கவில்லை. நுரையீரல் போய்விட்டது என்று தகவல் வந்தபோதும் அவனுடைய தாயைத்தான் அனுப்பினார். அடக்கத்தின்போது மட்டும் போய், முதுகு வளையாமல் நின்றுவிட்டு வந்தார்.

"சார், இது அவனோட கடைசி ஆல்பம். நீங்கதான் வெட்டணும்னு சொல்லிட்டுப் போனான்" என்றாள் குருவி.

"அவன் சொன்னானா, இல்ல நீயா சொல்றியா?"

"நானா சொல்றதா இருந்தா வேற கூடத்துக்குப் போயிருப்பேன் சார். அங்கெல்லாம் உட்காரச் சொல்றாங்களாம்."

வெட்டும் எந்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்த மூத்தவன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். அப்பாவின் முன்னால் சிரித்து அவனுக்குப் பழக்கமில்லை.

"உட்காரு. எத்தனை பாட்டு?"

"ஏழு சார். அதுல அந்தக் கடைசிப் பாட்டு வந்து…"

"பாட்டைப் பத்தி நீ எனக்குச் சொல்ல வேண்டாம். எனக்குக் காது இருக்கு." நாடாச் சுருளை வாங்கி மேஜைமேல் வைத்தார். "ஒண்ணு மட்டும் கேட்டுக்கோ. எது குறை, எது வேணும்னே பண்ணினதுன்னு தெரியாம நான் ஊசியை வைக்க மாட்டேன். உங்க கூட்டம் போட்ட தட்டு, உங்களை மாதிரி இருக்கிறவங்க போட்ட தட்டு, எல்லாத்தையும் கொண்டு வா. முதல்ல கேட்கணும்."

மறுநாள் அவள் ஒரு மரப்பெட்டி நிறையத் தட்டுகளோடு வந்தாள். எலிப்பொறி, ஈரச்சுவர், பல்லிடுக்கு என்று குழுக்களின் பெயர்களைப் படிக்கும்போதே பெரியவரின் உதடு கோணியது. இளையவனின் குழுவுக்குப் பெயர் துரு. அதை மட்டும் அவர் வாய்விட்டுப் படிக்கவில்லை.

கேட்டார். காலை வேலை முடிந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு தட்டு விடாமல் கேட்டார். முதல் சில நாள்கள் தகரக்கொட்டகை இடிந்து தலையில் விழுவதுபோல் இருந்தது. குருவி பக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

"இந்தக் கிட்டார் கிழிஞ்ச மாதிரி கேட்குதே. குறையா?"

"வேணும்னே சார். ஸ்பீக்கர் காகிதத்தைக் கத்தியால கீறிட்டு வாசிச்சாங்க."

"நல்லா இருந்த ஸ்பீக்கரையா?"

"நல்லா இருந்ததாலதான் கீறினாங்க."

"இவன் ஏன் இப்படிக் கத்துறான்? வயித்து வலியா?"

"ஆமா சார். உண்மையாவே. அந்த ஆல்பம் முழுக்க அதுதான்."

மூத்தவன் இருமுவதுபோல் பாவனை செய்துகொண்டு வெளியே போனான்.

ஆனால் அந்தக் காது லேசுப்பட்டதல்ல. பத்து நாள் போவதற்குள் அதற்கு வழி பிடிபட்டுவிட்டது. எலிப்பொறி வெறும் வேகம், மூச்சுவிட மறந்தவர்கள். ஈரச்சுவர் அப்படியல்ல. ஒரே அடியைத் திரும்பத் திரும்ப அடித்து, கேட்கிறவனின் எலும்பில் இறங்கிவிடும். பல்லிடுக்கின் இரண்டாம் ஆல்பத்தில், இரைச்சலுக்கு அடியில் யாரோ ஒரு பெண் கணக்கு வாய்ப்பாடு சொல்கிறாள் என்று பெரியவர் சொன்னபோது குருவிக்கு நம்பிக்கை வரவில்லை. அந்தத் தட்டை அவள் நூறு தடவை கேட்டிருக்கிறாள். திரும்பப் போட்டார். இருந்தது. அன்றிலிருந்து சார் என்பது போய் அப்பா என்று ஆகிவிட்டது. அவர் தடுக்கவில்லை.

கடைசியாகத் துருவின் முதல் ஆல்பத்தை எடுத்தார். அவர் இரண்டு நிமிஷத்தில் தூக்கியெறிந்த அதே ஆல்பம். இம்முறை இரண்டு பக்கமும் ஓடியது. முகத்தில் எதையும் காட்டவில்லை. பாட்டெல்லாம் தீர்ந்தபிறகும் ஆம்ப்ளிஃபயரின் உறுமல் மட்டும் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

"இதுவும் வேணும்னேவா?"

குருவி தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தாள். "இல்லப்பா, அது மட்டும் நாங்க மறந்தது. வாசிச்சு முடிச்சுட்டு வெளிய ஓடிட்டோம். டேப் ஓடிக்கிட்டே இருந்துச்சு. வெட்டினவரும் அப்படியே விட்டுட்டாரு."

"என்கிட்ட வந்திருந்தா விட்டிருக்க மாட்டேன்" என்றார் பெரியவர். சொன்னபிறகுதான் அதன் பொருள் அவருக்கே உறைத்தது. குருவி பெட்டியில் தட்டுகளை அடுக்க ஆரம்பித்தாள்.

வீட்டில் மனைவி இதையெல்லாம் கவனித்துக்கொண்டுதான் இருந்தாள். எட்டு வருஷமாக இளையவனின் பேச்சை எடுக்காதவள், ஒரு நாள் அவருடைய சட்டையை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"அவன் அதுல ஏதாவது பேசியிருக்கானா?"

"இன்னும் கேட்கலை."

"கத்துறது எனக்கு வேண்டாம். நான் போனப்பகூட அவனுக்குப் பேச மூச்சு இல்ல. கையைத்தான் ஆட்டினான். சும்மா பேசுற மாதிரி ரெண்டு வார்த்தை இருந்தா, எனக்குப் போட்டுக் காட்டுங்க."

"இருந்தா சொல்றேன்" என்றார் அவர்.

நாடாவை எந்திரத்தில் ஏற்றியபோது மூத்தவனைத் தவிர யாரையும் அவர் உள்ளே விடவில்லை. ஆறு பாட்டுகள். முதல் பாட்டிலேயே பெரியவருக்கு விளங்கிவிட்டது: பையன் தெரிந்து செய்கிறவன். இரைச்சல் எங்கே கனக்க வேண்டும், எங்கே அது கிழிந்து உள்ளிருக்கும் குரல் தெரிய வேண்டும் என்று அளந்து வைத்திருந்தான். ஐந்தாவது பாட்டு நடுவில் அறுந்து, வெறும் மூச்சுச் சத்தம் கேட்டு, மறுபடி வேறு தாளத்தில் எழுந்தது. அந்த மூச்சைக் கேட்டபோது மூத்தவன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான். பெரியவர் அசையவில்லை.

ஆறாவது பாட்டு முடிந்தது. கொஞ்சம் அமைதி. பிறகு உறுமல். ஆம்ப்ளிஃபயரை அணைக்க மறந்த அதே உறுமல். பெரியவர் ஒரு நிமிஷம் கேட்டார். ஒலியளவு காட்டும் முள் ஆடவே இல்லை. அந்தப் பெண் ஏழு என்றாளே என்று ஒரு கணம் யோசித்தார். நடுவில் அறுந்த பாட்டை இரண்டாக எண்ணியிருப்பார்கள் என்று அவருக்கு அவரே விடை சொல்லிக்கொண்டார்.

அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. முதல் சுரத்துக்கு முன்னால் இருப்பதும், கடைசிச் சுரத்துக்குப் பின்னால் இருப்பதும் பாட்டு அல்ல. அந்தப் பகுதி நாடாவைச் சவரக்கத்தியால் அறுத்து எடுத்துவிட்டு, ஒலியில்லாத வெள்ளை நாடா ஒட்டித்தான் தட்டு வெட்டுவார்கள். இருமல், நாற்காலி இழுக்கும் சத்தம், யாரோ கெட்ட வார்த்தை சொல்வது என்று தாத்தா காலத்திலிருந்து எத்தனையோ குப்பைகள் அப்படிப் போயிருக்கின்றன.

அவர் கத்தியை எடுத்தபோது மூத்தவன் வாய் திறந்தான். "அப்பா, கடைசி வரைக்கும் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துடலாமே."

"உறுமலை எதுக்கு உட்கார்ந்து கேட்கணும்?"

"இல்ல… இருந்துட்டுப் போகட்டுமே."

"இத்தனை நல்லாப் பண்ணியிருக்கான். அதோட வால்ல இந்த அழுக்கு எதுக்கு? என் முத்திரை விழப்போற தட்டுடா இது."

முத்திரை என்ற சொல்லைக் கேட்டதும் மூத்தவன் அடங்கிவிட்டான். அப்பா தம்பிக்கு அதைத் தரப்போகிறார் என்பதே அவனுக்குப் பெரிய விஷயமாக இருந்தது. பெரியவர் அறுத்தார். மீதி நாடாவைச் சுருளிலிருந்து இழுத்து, கையால் கசக்கி, கூடையில் போட்டார். அன்று பிற்பகலே குப்பை வண்டி வந்து வாங்கிக்கொண்டு போயிற்று. தாய்த்தட்டு பிசிறில்லாமல் விழுந்தது. நடு வளையத்தில் கோட்டைக் கீறி, அதன்மேல் புள்ளியை வைத்தார்.

ஆலையிலிருந்து சோதனைத் தட்டு வந்ததும் குருவிக்குச் சொல்லியனுப்பினார்கள். அவள் தட்டை வெளிச்சத்தில் சாய்த்து முத்திரையைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். "அவன் இதைப் பார்த்திருக்கணும்பா" என்றாள். பெரியவர் ஊசியை வைத்தார்.

இரண்டாம் பக்கம் ஓடியது. ஆறாவது பாட்டு முடிந்தது. ஊசி நடுவுக்குப் போய் நின்றது. குருவி காத்திருந்தாள்.

"ஏழாவது?"

"ஆறுதான்" என்றார் பெரியவர்.

"இல்லப்பா. ஏழு. ஆஸ்பத்திரியில இனிமே ஒண்ணும் இல்லைன்னு அனுப்பிச்ச பிறகு, படுக்கையில படுத்துக்கிட்டு, கிட்டாரை வயித்து மேல வச்சுக்கிட்டு எடுத்தான். எங்களை எல்லாம் வெளிய போகச் சொல்லிட்டான். முதல்ல கொஞ்ச நேரம் உறுமல் மட்டும் வரும், அப்புறம் வீட்டுக்குப் பேசுறேன்னான். இருந்த மூச்சு எல்லாத்தையும் அதுக்குத்தான் வச்சிருந்தான். அப்பா காதுதான் முதல்ல கேட்கணும், நீங்க யாரும் கேட்கக் கூடாது, நகலும் எடுக்கக் கூடாதுன்னு எங்ககிட்ட சத்தியம் வாங்கினான். அன்னைக்கு வந்தப்பவே சொல்ல வந்தேன், நீங்கதான்…"



பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். கூடத்தின் சுவரில் தாத்தா காலத்துத் தட்டுகள் வரிசையாகத் தொங்கின. அவற்றில் ஒன்றுகூடக் குறையென்று திரும்பி வந்ததில்லை. தன் வாயிலிருந்து குரல் வருவதை யாரோ பேசுவதைப்போல் அவர் கேட்டார்.

"நாடாவுல ஆறு பாட்டுதான் இருந்துச்சு."

குருவி அவரையே பார்த்தாள். இரைச்சலுக்கு அடியில் வாய்ப்பாடு சொன்ன பெண்ணைக் கண்டுபிடித்த காது அது. அந்தக் காதைச் சந்தேகிக்க அவளுக்கு மனம் வரவில்லை. தோள்கள் தாமாகவே இறங்கின.

"அப்போ அவன் எடுக்கவே இல்லை" என்றாள் மெதுவாக. "முடிச்சுட்டேன்னு எங்ககிட்ட சொன்னானே. சாகப்போறவன் எதுக்குப் பொய் சொல்லணும்?"

பெரியவர் ஊசியைத் தட்டிலிருந்து தூக்கி வைத்தார்.

"அவன் பொய் சொல்லலை" என்றான் மூத்தவன்.

இரண்டு பேரும் திரும்பினார்கள். அவன் எந்திரத்தின் பக்கத்தில், கையில் துடைக்கும் துணியோடு நின்றிருந்தான்.

"இருந்துச்சு. நான்தான் வெட்டினேன். அப்பா அப்ப இங்க இல்லை. உறுமலா இருக்கவும் அணைக்க மறந்துட்டீங்கன்னு நினைச்சு, முழுசா கேட்காம வெட்டிக் குப்பையில போட்டுட்டேன். அப்பாகிட்ட சொல்லலை."

குருவி எழுந்தாள். அடிப்பாள் என்றுதான் இருந்தது. அடிக்கவில்லை.

"கூடப் பிறந்தவன்தானே நீ? கடைசி வரைக்கும் கேட்க உனக்குப் பொறுமை இல்லையா? தெருவுல போறவன்கூடக் கேட்டிருப்பான்."

மூத்தவன் துணியை மடித்தான். மடித்ததை மறுபடி பிரித்தான்.

அவள் பெரியவர் பக்கம் திரும்பியபோது குரல் மாறியிருந்தது. "உங்ககிட்ட எனக்கு வருத்தம் இல்லப்பா. எங்க தட்டு ஒவ்வொண்ணையும் நீங்க உட்கார்ந்து கேட்டீங்க. நீங்களா இருந்தா இதைச் செஞ்சிருக்க மாட்டீங்க."

சொல்ல வேண்டிய இடம் அதுதான். பெரியவரின் உதடு பிரிந்தது. ஆனால் அவர் தலையை மட்டும் ஒருமுறை அசைத்தார். அவள் சோதனைத் தட்டை உறையில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

"எதுக்குடா அப்படிச் சொன்னே?" என்றார் அவர்.

"அவன் பொய்க்காரனா ஆகக் கூடாது. நீங்களும் சொல்ல மாட்டீங்க. வேற யாரு இருக்கா?" மூத்தவன் எந்திரத்துக்கு உறை போட்டான். "கூடத்தோட பேருக்கு ஒண்ணும் ஆகலை. போய்ச் சாப்பிடலாம் வாங்க."

வீட்டில் மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள். தட்டு வந்துவிட்டது என்று அவளுக்குத் தெரியும். மூத்தவன் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனான்.

"பேசியிருக்கானா?"

பெரியவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். இங்கே குருவி இல்லை, வெளியார் யாருமே இல்லை. "பேசியிருந்தானாம்" என்றார். "மூத்தவன் கை தவறிடுச்சு. வெட்டும்போது அந்தப் பகுதி போயிடுச்சு."

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். அழவில்லை. பிறகு உள்ளே போய் அவருக்குச் சாப்பாடு எடுத்து வைத்தாள். மூத்தவன் எதிரே உட்கார்ந்திருந்தான். அவன் முன்னால் அவள் ஒன்றும் வைக்கவில்லை.

"சின்ன வயசுலேருந்தே தம்பிமேல இவனுக்கு ஒரு கண்ணு" என்றாள், அவன் காதில் விழும்படியே. "எல்லாரும் அவனையே கொஞ்சுறாங்கன்னு."

மூத்தவன் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தான். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. வெறுமனே பார்த்தான். பெரியவர் நேராக உட்கார்ந்து, கை கழுவிவிட்டு, சாப்பிட ஆரம்பித்தார்.