முப்பத்தாறா முப்பத்தெட்டா

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உச்சிமாகாளி சோற்றில் ரசத்தை ஊற்றிக்கொண்டிருந்தபோது, வீட்டு ஓனர் பாண்டுரங்கன் தன் காரின் பழைய டர்போவைத் துண்டில் சுற்றி, ஆஸ்பத்திரியிலிருந்து குழந்தையைக் கொண்டுவருவது போல ஏந்திக்கொண்டு மாடியேறி வந்தார். புதிய டர்போ தோளில் பையில் தொங்கியது.

"இன்ஜினியரே, சோத்த அப்பறம் துன்னலாம். இத இன்னான்னு பாரு."

உச்சிமாகாளி இன்ஜினியர் இல்லை. ஒரகடத்தில், கார் இன்ஜினுக்குக் காற்றை அழுத்திக் கொடுக்கும் டர்போ செய்கிற கம்பெனியில், முடிந்து வரும் ஒவ்வொரு டர்போ மேலும் மாடல் எண் போட்ட சின்னத் தகட்டை வைத்து இரண்டு ஆணி அடித்து, பக்கத்தில் தன் ஆபரேட்டர் எண்ணைக் குத்தி அனுப்புவது அவன் வேலை. நான்கு வருஷத்துக்கு முன் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து மண்ணூரில் அறை தேடியபோது, பேச்சிலர் என்றதும் பதினோரு கதவுகள் சாத்திக்கொண்டன. பன்னிரண்டாவது கதவில் "டர்போ இன்ஜினியர்" என்று சொல்லிப் பார்த்தான். திறந்தது. அன்றிலிருந்து தெருவில் யார் வீட்டு மிக்ஸி நின்றாலும் அவனிடம்தான் வரும்.

"தகட்டுல எம்-36னு போட்டுகீது. பரசுராமன் கடைல அதே எம்-36 வாங்கியாந்தேன். மெக்கானிக் மாட்டிப் பாக்கறான், போல்ட் ஓட்டையே சேரல. டூப்ளிகேட்ட தள்ளிட்டான்பா! நீ ஒரு வார்த்த சொல்லு, அவன் கடைய பூட்டிகினு ஓடணும்."

உச்சிமாகாளி கையைக் கழுவிக்கொண்டு, டிப்ளமா படித்தபோது வாங்கிய வெர்னியர் அளவுகோலைப் பெட்டியடியிலிருந்து தேடி எடுத்தான். டர்போவுக்குள் காற்றை இழுக்கும் சக்கரத்தின் வாய் எத்தனை மில்லிமீட்டரோ, அதுதான் அவன் கம்பெனியில் மாடல் எண். புதுசை அளந்தான். முப்பத்தாறு. பழசை அளந்தான். முப்பத்தெட்டு. வெர்னியரை லுங்கியில் துடைத்துவிட்டு மறுபடி அளந்தான். முப்பத்தெட்டேதான். ஓடித் தேய்ந்த சக்கரம் சிறுக்கலாம், பெருக்குமா?

தகட்டுக்குப் பக்கத்தில் கரி அப்பியிருந்தது. விரலால் தேய்த்தான். 47.

அவன் எண்.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் அது. டீ குடித்துவிட்டு வந்தவன், 36 தகடு இருந்த டப்பாவையும் 38 தகடு இருந்த டப்பாவையும் இடம் மாற்றி வைத்துவிட்டான். ஆறு டர்போ நகர்ந்த பிறகுதான் உறைத்தது. ஓடிப்போய் ஐந்தைப் பிடித்துவிட்டான். ஆறாவது பேக்கிங்கில் கலந்துவிட்டது. சூப்பர்வைசரிடம் சொல்ல வாய் திறந்தான், புரொபேஷன் ஞாபகம் வந்து மூடிக்கொண்டான். எந்தப் பஞ்சாபிலோ ஓடிக்கொண்டிருக்கும் என்று இத்தனை நாள் மனசைத் தேற்றியிருந்தான். அது தினமும் அவன் அறைக்கு நேர்கீழேயே நின்றிருக்கிறது. ஆயுத பூஜைக்கு அதற்குப் படைத்த சுண்டலை இரண்டு தடவை வாங்கித் தின்றிருக்கிறான்.

"இன்னா முழிக்கற? டூப்ளிகேட்டுதானே?"

தலையை ஆட்டினால் போதும், அறை தங்கும். ஆனால் போன மழையில் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் நின்றவனை பைக்கில் ஏற்றி வந்து விட்டவர் பரசுராமன்.

"கடைக்காரர் மேல தப்பில்ல, அண்ணாச்சி. இது அசல் முப்பத்தாறுதான். ஒங்க பழசுதான் முப்பத்தெட்டு. தகடு மாறிப் போயிருக்கு. முப்பத்தெட்டு கேளுங்க, சேந்துரும்."

பாண்டுரங்கன் உடனே போனைப் போட்டார். "பரசு, முப்பத்தெட்டு கீதா?"

"கீதுண்ணா. காலைல டூப்ளிகேட்டுக்குப் பொறந்தவன்னு சொன்ன, இப்ப பரசா?"

"அது பாசம்டா!" என்று வைத்துவிட்டார். ஆனால் காலையிலிருந்து சேர்த்து வைத்த கோபம் போக இடமில்லாமல் நின்றது.

"அப்போ தகட்ட மாத்தி அடிச்ச பேமானி எவன்? கண்ண பொடனில வச்சிகினு வேல செய்யறான்! இவனுக்கெல்லாம் எவன்யா வூடு வாடகைக்குக் குடுக்கறான்?"

"யாராவது நல்ல மனுசராத்தான் இருப்பாரு, அண்ணாச்சி."

பாண்டுரங்கன் நெற்றியில் ஏற்றியிருந்த கண்ணாடியை இறக்கி, பழசை மடியில் வைத்துத் திருப்பினார். "இங்க இன்னாவோ குத்திகீதே. நாப்பத்தேழு. இது எந்த அளவு?"

"அது அளவு இல்ல. தகடு அடிச்ச ஆளோட நம்பரு." நான்கு வருஷம் இன்ஜினியராக இருந்த பழக்கம், யோசிக்கும் முன்பே பதில் சொல்லிவிட்டது.

"நம்பரே கீதா! உங்க கம்பெனியாச்சே. நாளைக்கி போனதும் ஆள புடிச்சிக் குடு."

"பாக்குதேன், அண்ணாச்சி."

வெளியே தூறல் போட்டது. மொட்டைமாடிக் கொடியிலிருந்து துணிகளை வாரிக்கொண்டு இறங்கி வந்தாள் பாண்டுரங்கனின் மனைவி சின்னப்பொண்ணு.

"உன் யூனிபார்ம் நனைஞ்சிகினு கீது, நீ இங்க குந்திகினு கதையா பேசற?"

நீலச் சட்டையை உதறி, கைகளை உள்ளே மடக்கி, சட்டைப்பை மேலே வரும்படி அழகாக மடித்தாள். பாய் முழுக்க டர்போவும் சோற்றுத் தட்டும் கிடந்ததால் புருஷன் மடியிலேயே வைத்தாள். சட்டைப்பை மேல் சிவப்பு நூலில் கம்பெனி பெயர். அதன் கீழே ஆபரேட்டர் எண்.

பாண்டுரங்கனின் கண்ணாடி இன்னும் மூக்கின் மேல்தான் இருந்தது.