சிவப்புப் புடவைக்காரி

"ஞாயித்துக்கிழமை பூசையில பொம்பளைங்க பக்கம் தூணோரம் பாரு. சிவப்புப் புடவைதான் பொண்ணு" என்று அக்காள் ரோசம்மாள் கிளமென்டிடம் சொன்னாள். கோயிலில் வைத்துப் பெண்ணைக் காட்டிவிட்டு, பிடித்திருந்தால்தான் வீட்டுக்குப் போவது அவர்கள் வழக்கம். அவசரத்தில் அக்காளுக்கு ஒன்று மறந்துபோயிற்று. தம்பிக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான். தரகர் பக்கத்திலேயே நின்றதால் அவனும் வாய் திறக்கவில்லை.

சத்திரம் கடைத்தெருவில் பழுத்த தக்காளி என்று காயாகப் பொறுக்கி வருகிறவன் அவன். அது போகட்டும். சிக்னல் நிறம் தெரியாதவன் என்று டாக்டர் எழுதியதில் கரி எஞ்சின் ஓட்டும் வேலை கைக்கு எட்டாமல், பொன்மலை ரயில் பட்டறையில் குமாஸ்தாவானான். கண்ணில் கோளாறு என்று கேள்விப்பட்டே இரண்டு சம்பந்தம் தட்டிப்போயிற்று. "இந்தத் தடவையாவது உளறாம இரு" என்பது அக்காள் உத்தரவு.

பூசையில் தூணோரம் இரண்டு பெண்கள் முழங்காலிட்டிருந்தார்கள். அவன் கண்ணுக்கு இரண்டு புடவையும் காய்ந்த சருகு நிறம். ஒருத்தி விறைத்துப்போய் இருந்தாள். மற்றவள் முக்காட்டுக்குள் சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்கினாள். பீடத்தை மறந்து அவளையே பார்த்தான் கிளமென்ட். இவளாகவே இருக்கட்டும் மாதாவே என்று வேண்டிக்கொண்டான். வெளியே வந்து, "பிடிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டான்.

அடுத்த வாரம் மன்னார்புரத்தில் பெண் வீடு. மற்றவள் வந்துவிட்டால் என்ன செய்வது என்று உள்வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். காப்பித் தட்டோடு வந்தவள் சிரிப்புக்காரியேதான். போன உயிர் திரும்பி வந்தது.

பெண்ணின் பெயர் லூர்துராணி. அவளோ இன்று சிரிக்கவில்லை. தட்டை நீட்டியபடி மெல்லக் கேட்டாள்: "அன்னிக்கு யாரைப் பாத்துப் பிடிச்சிருக்குன்னு சொன்னீங்க?"

"உங்களத்தான்."

"பொய் சொல்லாதீங்க. சிவப்புப் புடவையில இருந்தது என் சிநேகிதி டோரதி. சந்தையில மாடு பாக்குற மாதிரி பாக்க வராங்களேன்னு எனக்கு எரிச்சல். அதான் புடவையை மாத்திக் கட்டிக்கிட்டோம். நான் பச்சையில இருந்தேன்."

விசாரித்துத் தெரிந்துகொண்டேன் என்று ஒரு பொய் அவன் நாக்கு நுனிவரை வந்தது. எதிரே அக்காள் முறைத்தாள். ஆனால் இவளைப் பொய் சொல்லிக் கட்டிக்கொள்ள அவனுக்கு மனம் வரவில்லை.

"எனக்குச் சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாதுங்க. பொறப்புலேயே அப்படி. ரெண்டு பேரு இருந்தீங்க. நீங்க சிரிச்சீங்க. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

ரோசம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அப்ப நீங்க புடவையைப் பாக்கவே இல்லையா?"

"இல்லீங்க."

லூர்துராணி தட்டை அவன் முன்னால் வைத்தாள். பிறகு உள்பக்கம் திரும்பினாள்.

"அம்மா, எனக்குச் சம்மதம். கல்யாணப் புடவை எடுக்கப் போறப்ப மட்டும் இவங்களக் கூட்டிக்கிட்டுப் போகாதீங்க."