எந்த இனிப்பு, எந்த நீர்

1

நான் கதை எழுத உட்காரவில்லை. தேவாலயத்தின் கிறிஸ்துமஸ் மலருக்கு, பிள்ளைகளோடு சேர்ந்து செய்யும் எளிய, சத்தான பண்டிகைத் தின்பண்டம் பற்றி ஒரு பக்கம் கேட்டிருந்தார்கள். செய்முறையைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன்:

கொய்யாப்பழத்தை நறுக்கி, எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரில் நனைத்தெடுக்கவும். (நறுக்கிய பழம் காற்றுப் பட்டால் பழுப்பாகும்; புளிப்பு அதைத் தள்ளிப்போடும். இதைச் சொல்லாவிட்டால் பிள்ளைகள் ஏன் என்று கேட்டுத் துளைத்துவிடுவார்கள்.) பெரிய துண்டு கீழே, சிறியது மேலே என்று குச்சியில் கோர்த்தால் கிறிஸ்துமஸ் மரம். அம்மாவுக்கான தட்டைப் பிள்ளைகளே அடுக்கட்டும்.

இந்தக் கடைசி வரியில் கேத்லீன் என்றொரு கற்பனைச் சிறுமி வந்து நின்றுவிட்டாள். அதற்குமேல் செய்முறை நகரவில்லை.

2

முதல் தொடக்கம்: புக்கிட் காத்தில் ஊரில் தேவாலய மணி ஒலித்த அந்த இனிய

இல்லை. மணி எதுவும் ஒலிக்கவில்லை. பக்கத்து வீட்டில் கார் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாம் தொடக்கம்: ஷரோனுக்கு இனிப்பு நீர், அதாவது நீரிழிவு, இருக்கிறது என்று ஆகஸ்டில் கிளினிக்கில் சொன்னார்கள். அதனால்தான் இந்த வருஷம் அச்சு முறுக்குக்குப் பதில் பழ மரம்.

இது நிற்கும்.

டிசம்பர் இருபத்து நான்கு, காலை பத்து மணி. சமையல்கட்டில் ஷரோன், ஆறு வயது மகள் கேத்லீன், பக்கத்து வீட்டு ஒன்பது வயது ஷாமினி. அம்மாவின் தட்டில் கேத்லீன் வெள்ளரிக்காயை மட்டும் வைத்தாள். ஷாமினி ஒரு கொய்யா மரத்தை நட்டதும் அதைப் பிடுங்கித் தள்ளி வைத்தாள். ஷரோன் சிரித்துக்கொண்டே கொண்டைக்கடலை வெந்துவிட்டதா என்று பார்க்கத் திரும்பினாள்.

மறுபடி பார்த்தபோது மகள் முக்காலிமேல் ஏறி, ரோஸ் சிராப் போத்தலைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். தொட்டி முழுக்க இளஞ்சிவப்பு. சாயங்காலம் வருகிறவர்களுக்கு எதைக் கலக்கிக் கொடுப்பது என்று ஷரோன் அதட்டினாள். கேத்லீன் கடைசிச் சொட்டுவரை உதறிவிட்டுத்தான் பேசினாள்.

"போன கிறிஸ்மஸுக்கு நான்தானே மம்மி உங்களுக்கு இனிப்புத் தண்ணி கலக்கிக் குடுத்தேன். ரெண்டு கிளாஸ். அதான உங்களுக்கு இனிப்பு நீர் வந்துச்சு."

3

இவளுக்கு முதலில் பத்து வயது வைத்திருந்தேன். பத்து வயதுப் பிள்ளை இதை வெளியே சொல்லியிருக்காது. ஆறுதான் சரி. நாலு மாதமாக இதை உள்ளே வைத்துக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போய் வந்திருக்கிறாள்.

4

இந்த இடத்தில் ஒரு முழுப் பக்க விளக்கம் வைத்திருந்தேன். கணையம் வயிற்றுக்குப் பின்னால் இருக்கிறது, அது சுரக்கும் இன்சுலின் ஒரு சாவியைப் போல

வேண்டாம். எனக்குப் பிடித்த பக்கம்தான். ஆனால் அவள் கேட்பது கணையத்தைப் பற்றி அல்ல. நான்தான் செய்தேனா என்று கேட்கிறாள்.

ஷரோன் அடுப்பை அணைத்துவிட்டு அவளுக்கு நேராகக் குந்தினாள். ரெண்டு கிளாஸில் இந்த நோய் வராது, அது பல வருஷமாக உடம்புக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தது என்றாள். அந்த நீர் வேறு, இந்த நீர் வேறு என்றாள்.

"அப்ப ஏன் ஒரே பேரு?"

ஷாமினிதான் குச்சியைக் கடித்தபடி சொன்னாள்:

"மலாய்ல இதுக்கு கென்சிங் மானிஸ் லா, கேத். கென்சிங்னா ஒண்ணுக்கு, மானிஸ்னா இனிப்பு. எங்க மாமாவுக்கும் இருக்கு."

(சரியாகச் சொன்னாள். அந்தப் பெயர், குடித்து உள்ளே போன தண்ணீரைப் பற்றியது அல்ல. வெளியே வருவதைப் பற்றியது. சிறுநீரில் இனிப்பு இறங்குவதைக் கண்டு வைத்த பெயர்.)

கேத்லீன் அம்மாவைப் பார்த்தாள். "ஒண்ணுக்கா?"

"ஒண்ணுக்குதான்டி. நீ குடுத்த தண்ணி இல்ல."

ஷாமினி முதலில் சிரித்தாள். பிறகு மூவரும்.

5

சிரிப்போடு முடித்தால் மலருக்குப் பொருந்தும். அப்படித்தான் முடித்தேன். பிறகு அழித்தேன். நாலு மாதம் சுமந்ததை ஒரு சிரிப்பில் இறக்கிவைக்க முடியுமா?

மகளைக் கட்டிக்கொண்டு ஷரோன் அழுவதாகவும் எழுதிப் பார்த்தேன். அதில் ஷரோனின் பாரம்தான் இறங்கியது.

என்னால் எழுத முடிந்தது இவ்வளவுதான்: ஷரோன் தாகமாக இருக்கிறது என்றாள். மகளிடம்தான் தண்ணீர் கேட்டாள். கேத்லீன் ஜாடியிலிருந்து வெறும் தண்ணீரைக் கிளாஸில் ஊற்றினாள். மோந்து பார்த்தாள். ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். பிறகு இரண்டு கைகளாலும் நீட்டினாள்.

ஷரோன் குடிப்பாள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அவள் குடித்து முடிக்கும்வரை கேத்லீன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாளா, பாதியிலேயே மரம் கோர்க்க ஓடிவிடுவாளா? அவ்வயதில் ஒரு பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், என்னைவிட உங்களுக்குத்தான் தெரியும்.